30 நொடி ரைடு, அதுக்கப்புறம் 30 வருஷம்: மணத்தி கணேசன் கதையில் தென்காசி பசங்க கவனிக்க வேண்டியது எது?

2025 தீபாவளிக்கு வந்த மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ படத்துக்குப் பிறகு, மணத்தி கணேசன் என்ற பெயரைக் கேள்விப்படாத கபடி ரசிகர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. தூத்துக்குடி மாவட்டத்தில் மணத்தி என்ற சின்ன கிராமம். அங்கிருந்து கிளம்பி இந்திய அணிக்குப் போனவர் பி.கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் இருந்தார். 1995-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் துருவ் விக்ரம் நடித்த அந்தப் படம் எடுக்கப்பட்டது.

தங்கம், விருது, சினிமா. ரீல்ஸில் ஓடுவது இந்த மூணும்தான். ஆனா ஒரு கபடி வீரரின் வாழ்க்கைக் கணக்கை முழுசா எடுத்துப் பார்த்தால், நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பெரிசா பேசுறதில்லை. அது வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் ஒரு சாதாரண வேலை.

தென்காசி மாவட்டத்தில் இன்று கபடி ஆடிக்கொண்டிருக்கும் பசங்களும், அவர்களை உற்சாகப்படுத்தும் ஊர்க்காரர்களும் கணேசன் கதையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இந்த நாலாவது விஷயம்தான். ஏன் என்று பார்க்கலாம்.

ரைடர் ஏன் சீக்கிரம் ஓய்வு பெறுகிறார்?

ஆண்கள் கபடி மேட்டின் அளவு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதிதான் எதிரணியின் இடம். அந்த இடத்துக்குள் ஏழு பேர் கையைக் கோர்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். ரைடர் ஒற்றை ஆளாக உள்ளே போக வேண்டும். அவருக்கு இருப்பது 30 நொடி. மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று பாடியபடி யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பணும்.

டிஃபெண்டருக்குத் தன் இடம் தெரியும், பக்கத்தில் துணை இருக்கும், எப்போது பாய்வது என்பதை அவரே முடிவு செய்யலாம். ரைடருக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் கணுக்காலைப் பிடிக்கும்போதே இன்னொருவர் இடுப்பில் மோதுவார், மூணாவது ஆள் மேலே விழுவார். கால் தரையில் ஊன்றி இருக்கும், உடம்பு மட்டும் வேறு பக்கம் திரும்பும். முழங்கால் தசைநார் அறுந்து போவது பெரும்பாலும் இப்படித்தான். அறுவை சிகிச்சை செய்தாலும், பழையபடி களத்துக்கு வர குறைந்தது ஆறிலிருந்து ஒன்பது மாதம் பிடிக்கும். அதுவும் ஒழுங்கான பிசியோதெரபி கிடைத்தால்தான்.

இதற்கு இரண்டு உதாரணம் போதும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் 1975-ல் பிறந்தவர். 2016-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார், அதே ஆண்டு புரோ கபடி லீக் பட்டம் வென்ற பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டனாகவும் இருந்தார். 40 வயசுக்கு மேல் இதைச் சாதித்த அவர் ஒரு டிஃபெண்டர்.

இன்னொரு பக்கம் பவன் ஷெராவத். நாட்டின் முன்னணி ரைடர். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, மீதி சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அப்போது அவருக்கு 26 வயசு. நல்ல சிகிச்சை கிடைத்தது, மீண்டு வந்தார். அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியின் கேப்டனாகத் தங்கமும் வாங்கினார்.

அதே காயம் ஆலங்குளம் பக்கத்தில் ஒரு மின்னொளிப் போட்டியில், ஒரு 19 வயசுப் பையனுக்கு நடந்தால்? ஏலம் இல்லை, ஃபிரான்சைஸ் இல்லை, பிசியோ இல்லை. முதலுதவி என்ற பேரில் ஐஸ் கட்டியும் ஒரு துண்டும் கிடைக்கும். அவனுடைய கபடி அன்றைக்கு ராத்திரியோடு முடிந்துபோகலாம்.

கனடாவிலும் இதே கணக்குதான்

இது கபடிக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. கனடா ஃபுட்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்க ஃபுட்பாலின் உறவுக்காரன் என்று சொல்லலாம். 110 கெஜ நீளக் களம், அணிக்கு 12 பேர். அதில் ‘ரன்னிங் பேக்’ என்ற வீரரின் வேலை, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணி ஆட்களின் நடுவே ஓடுவது. நம்ம ரைடர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். பிடிக்க வருபவர்களுக்குள் தானாகப் போய்ப் புகுந்து வெளியே வருவது.

அந்த லீக்கில் ரன்னிங் பேக் என்றாலே மைக் பிரிங்கிள் பெயரைச் சொல்வார்கள். 1998-ல் ஒரே சீசனில் 2,065 கெஜம் ஓடினார். மொத்த வாழ்க்கையில் 16,425 கெஜம் ஓடி, அந்த லீக்கின் சாதனையோடு ஓய்வு பெற்றார். 2008-ல் கனடா ஃபுட்பாலின் புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது. ஆனா அவர் ஒரு விதிவிலக்கு. வட அமெரிக்க ஃபுட்பாலில் மற்ற இடங்களில் ஆடுபவர்களைவிட ரன்னிங் பேக்கின் ஆட்டக் காலம் குறைவு என்பது ஊரறிந்த விஷயம். அமெரிக்காவின் என்எஃப்எல்லில் அது சராசரியாக மூணு வருஷம்கூட இல்லை என்று அங்குள்ள வீரர்கள் சங்கம் பல காலமாகச் சொல்லி வருகிறது. பணம் கொட்டும் அமெரிக்க லீக்குக்குப் பக்கத்தில் கனடா லீக் சின்னது. அதனால் சீசன் இல்லாத மாதங்களில் வேறு வேலை பார்ப்பது அங்கே ஆடியவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆடும்போதே அடுத்த வேலையைத் தேடி வைத்துக்கொள்வார்கள்.

நம்ம ஊரில் அந்த ஏற்பாடு வேறு வடிவத்தில் இருந்தது. அதற்குப் பேர் ‘டிபார்ட்மென்ட் டீம்’.

கணேசனைத் தாங்கிய ஏணி

மணத்தி கணேசனின் பாதையைப் படிப்படியாகப் பார்த்தால் இது புரியும். முதலில் ஊர் அணி. அடுத்து ஒரு காகித ஆலையின் அணி. அதற்கடுத்து தமிழ்நாடு மின்சார வாரியத்தின் அணி. அங்கிருந்து இந்தியா. ஹிரோஷிமா தங்கத்துக்கு முன்னாடியே அவர் கையில் விளையாட்டால் கிடைத்த வேலை இருந்தது. பதக்கம் வாங்கிய பிறகு ‘இனி என்ன?’ என்ற கேள்வி அவரைத் துரத்தவில்லை. ஆட்டம் நின்ற பிறகும் அலுவலகம் இருந்தது.

அந்தக் காலத்தில் இதுதான் வழக்கம். மின்வாரியம், தமிழ்நாடு போலீஸ், தெற்கு ரயில்வே, ஐசிஎஃப் என்று ஒவ்வொன்றிலும் கபடி அணி இருந்தது. நல்லா ஆடும் பையனைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் வேலை. போட்டி வந்தால் சிறப்பு விடுப்பு. பணம் பெரிசா இல்லை. ஆனா முழங்கால் போனாலும் வேலை போகாது. கல்யாணம், வீட்டு லோன், பிள்ளைங்க படிப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பி நடந்தது.

டிபார்ட்மென்ட் டீம் இன்னொரு காரியத்தையும் செய்தது. தென் மாவட்டங்களில் கபடிக் களம் எப்போதும் வெறும் விளையாட்டுக் களமாக இருந்ததில்லை. எந்தத் தெரு, எந்தச் சாதி என்பதை வைத்தே அணிகள் அமைந்த காலம் உண்டு. இன்றும் பல ஊர்களில் அது மறையவில்லை. ‘பைசன்’ படமே அந்தக் காயத்தைத்தான் பேசியது. வேலை கொடுத்த அணி ஒரு பையனைத் தெருவிலிருந்து வெளியே கொண்டு வந்தது. எந்தத் தெருக்காரனும் அங்கே ஒரே ஜெர்சி போட்டு, ஒரே அறையில் தங்கி, ஒரே சங்கிலியாகக் கை கோர்க்க வேண்டியிருந்தது. ஆடுபவன் கையில் சொந்தச் சம்பளம் இருந்ததால், ஊரில் யாருடைய தயவுக்கும் நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது.

வடக்கே இந்த ஏணி இன்னும் பலமாக நிற்கிறது. தமிழ் தலைவாஸின் முதல் கேப்டன் அஜய் தாக்கூரும் ரைடர்தான். அவருக்கு இமாச்சலப் பிரதேச போலீஸில் டிஎஸ்பி பதவி கிடைத்தது. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் அனுப் குமாருக்கு ஹரியானா போலீஸ். கோடிகளில் ஏலம் போன பவன் ஷெராவத் ரயில்வே அணிக்காரர். அதாவது, டிவியில் பார்க்கும் நட்சத்திரங்களே ஒரு காலை அரசு வேலையில் ஊன்றிக்கொண்டுதான் இன்னொரு காலால் ரைடு போகிறார்கள்.

புரோ கபடி வந்த பிறகு என்ன மாறியது?

2014 ஜூலையில் புரோ கபடி லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017-ல் தமிழ் தலைவாஸ் உட்பட நாலு அணிகள் சேர்ந்து 12 ஆனது. மண்ணில் ஆடிய விளையாட்டு மேட்டுக்கும், லைட்டுக்கும், பிரைம் டைமுக்கும் வந்தது. இது நல்ல மாற்றம். இதில் சந்தேகமே வேண்டாம். பாஸ்கரன் போன்ற தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் புது வாசல் திறந்தது. முதல் சீசனில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் பட்டம் வென்றபோது பயிற்சியாளர் கே.பாஸ்கரன்தான்.

ஆனா கணக்கைப் போட்டுப் பார்க்கணும். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். 12 அணிக்கும் சேர்த்து 300 இடம். அதில் வெளிநாட்டு வீரர்களும் அடக்கம். மிச்ச இடங்களுக்கு ஹரியானா, உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று நாடு முழுக்கப் போட்டி. 2023 ஏலத்தில் முதல் பிரிவுக்கு அடிப்படை விலை 30 லட்சம், கடைசிப் பிரிவுக்கு 9 லட்சம். கோடியில் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 9 லட்சத்தில் உள்ளே வருபவருக்கு அடுத்த சீசன் இடம் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஐடி கம்பெனியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். இது கான்ட்ராக்ட் வேலை. சீசன் முடிந்தால் ‘பெஞ்ச்’. அடிபட்டால் ரெஸ்யூமே ஓய்ந்துவிடும். பிஎஃப் இருக்கிறதா, முழு வருஷத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று ஒரு மென்பொருள் ஊழியர் வேலையில் சேருமுன் கேட்பார். 20 வயசு ரைடருக்கு அதைக் கேட்கணும் என்றே யாரும் சொல்லித் தருவதில்லை.

லீக் வந்த வெளிச்சத்தில், ‘ஏலத்துல எடுத்துட்டா போதும், லைஃப் செட்டில்’ என்ற எண்ணம் பசங்களிடம் வளர்ந்திருக்கிறது. முன்னாடி ‘கபடி ஆடினா வேலை கிடைக்கும்’ என்பார்கள். இப்போது ‘கபடி ஆடினா டிவியில வரலாம்’ என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இந்தத் தலைமுறை ரைடரின் ஆபத்து.

தென்காசி, குற்றாலம்: சாரலும் மண் களமும்

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. அந்தத் தாமிரபரணிதான் தூத்துக்குடி மாவட்டத்து வயல்களைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. 1986 வரை மணத்தியும் தென்காசியும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி அந்த ஆண்டு பிரிந்தது. தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டம் ஆனது. வரைபடம் மாறினாலும் கபடி மாறவில்லை. கோயில் கொடை, பொங்கல் என்றால் மின்னொளிப் போட்டி, சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு. தென்காசியிலும், கடையநல்லூரிலும், சங்கரன்கோவிலிலும், ஆலங்குளத்திலும் இதே காட்சிதான்.

ஆனா தென்காசிக்கு என்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலச் சாரல். சுற்றுலாப் பயணிகளுக்குக் கொண்டாட்டம். ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த ஈரக்காற்று சுகம். மேற்கு மலையை ஒட்டிய ஊர்களில் மண் களத்தில் பயிற்சி எடுப்பவர்களுக்கு அது வழுக்கும் தரை. அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. பள்ளிப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பை போட்டிகளும் சூடுபிடிப்பது பெரும்பாலும் இந்த மாதங்களை ஒட்டித்தான். ஆக, தயாராக வேண்டிய நேரத்தில் களம் நனைந்திருக்கும்.

அடுத்தது மேட். மாநில அணித் தேர்வும், தேசியப் போட்டியும், லீக்கும் மேட்டில்தான் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்கு மேட்டில் ஷூ போட்டு ஆடுவது புது விளையாட்டு மாதிரி இருக்கும். மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கி, திருப்பத்தின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும், திருப்பத்தின் வேகம் முழங்காலில் இறங்கும். பழக்கம் இல்லாமல் நேராகத் தேர்வுக்குப் போவது திறமைக்கும் கேடு, காலுக்கும் கேடு. பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி சென்னைக்குப் போய், காலையில் இறங்கி, முதல் தடவையாக மேட்டில் கால் வைக்கும் பையனிடம் நாம் எதை எதிர்பார்க்க முடியும்?

பொண்ணுங்க கபடியும் இதில் சேர்ந்ததுதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், வடுவூர் அபினேஷும் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இருந்தார்கள். இருவருக்கும் மாநில அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. தென்காசி மாவட்டத்தில் பல வீடுகளில் அம்மா பீடி சுற்றும் காசில்தான் அடுப்பு எரிகிறது. அந்த வீட்டுப் பெண் கபடி ஆட வெளியூர் போக வேண்டும் என்றால், ‘இதனால என்ன வரும்?’ என்ற கேள்விக்கு நேரான பதில் வேண்டும். பதக்கம் என்பது எல்லாருக்கும் கிடைக்கும் பதில் இல்லை. வேலை வரும் என்று சொல்ல முடிந்தால், அனுப்பி வைப்பார்கள்.

32 வயசில் ஓய்வு, 58 வயசில் ஓய்வூதியம்

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அரசு மற்றும் பொதுத்துறை வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியத் திட்டமும் உண்டு.

ஆனா அந்த ஓய்வூதியம் வாங்க 58 வயசு ஆகியிருக்கணும். ரைடர் ஒருவர் நல்லபடியாக ஆடினால் 32 வயசு வரை ஆடுவார் என்று வைத்துக்கொள்ளலாம். 32-க்கும் 58-க்கும் நடுவில் 26 வருஷம். கல்யாணமும், பிள்ளைகளும், பெற்றோரின் மருத்துவச் செலவும் வருவது அந்த 26 வருஷத்தில்தான். 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் தேசிய, சர்வதேச அளவிலான சாதனை வேண்டும். மாநில அணியின் வாசல் வரை வந்து காயத்தால் திரும்பியவனுக்கு அந்தக் கதவு திறக்காது. படிப்பும் பாதியில் நின்றிருந்தால் மற்ற கதவுகளும் இல்லை. அப்புறம் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுவதுதான் வழி.

இங்கேதான் கணேசன் கதையைச் சரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் உழைப்பும் பிடிவாதமும் அசாதாரணம். அதை யாரும் குறைக்க முடியாது. ஆனா அவர் ஏறிய ஏணியில் ஒவ்வொரு படியிலும் ஒரு நிறுவனம் இருந்தது. இன்றைய பையனிடம் ‘கணேசன் மாதிரி உழைச்சு முன்னுக்கு வா’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் படிகளைக் கழற்றி வைத்திருப்பது நியாயம் இல்லை.

என்ன செய்யலாம்?

கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். இந்த மாவட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, மின்னொளிப் போட்டி நடத்தும் கமிட்டிகள். ஃபிளெக்ஸ், சவுண்டு சர்வீஸ், வாணவேடிக்கை எல்லாவற்றுக்கும் பட்ஜெட் போடுகிறார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து, ஆட வரும் வீரர்களுக்கு அந்தப் போட்டிக்கான விபத்துக் காப்பீடு எடுக்கலாம். களத்தின் ஓரம் ஒரு ஆம்புலன்ஸ் நிற்கணும். போலீஸ் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே இதைக் கட்டாயம் ஆக்கினால், இரண்டே வருஷத்தில் பழகிவிடும். பரிசுக் கோப்பையின் உயரத்தில் அரை அடி குறைந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

இரண்டாவது, கூரையும் மேட்டும். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்பது அரசின் திட்டம். தென்காசி மாவட்டத்துக்கு வருவதில், சாரல் காலத்தை மனதில் வைத்துக் கூரை போட்ட கபடிக் கூடம் வேண்டும் என்று இங்குள்ள மக்கள் பிரதிநிதிகள் கேட்கலாம். கட்டிய பிறகு பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஊர் அணிகளுக்குத் திறந்திருந்தால்தான் அது பயன்படும். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் தினமும் பஸ்ஸில் போய்வர எந்தப் பள்ளி மாணவனாலும் முடியாது.

மூணாவது, வேலை. பழைய டிபார்ட்மென்ட் டீம்கள் அப்படியே திரும்பி வரும் என்று காத்திருப்பது நடக்காத காரியம். ஆனா தென்காசி பழைய தென்காசி இல்லை. மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. சங்கரன்கோவிலில் விசைத்தறிகள், சுற்றிலும் மில்கள், மருத்துவமனைகள், குற்றாலத்தில் விடுதிகள் இருக்கின்றன. ஒரு நிறுவனம் 12 பேரை வேலைக்கு எடுத்து அணி வைக்க முடியாமல் போகலாம். ஆறு நிறுவனங்கள் ஆளுக்கு இரண்டு பேரை எடுத்து, மாவட்டத்தின் பேரில் ஒரே அணியாக இறக்கலாமே. அரை நாள் வேலை, அரை நாள் பயிற்சி. அன்றைக்குக் காகித ஆலையும் மின்வாரியமும் ஒரு கிராமத்துப் பையனுக்குச் செய்தது இதைத்தான்.

நாலாவது, படிப்பு. பிளஸ் டூவை முடிக்காமல் போட்டிக்கு ஓடும் பையனைத் தடுத்து நிறுத்த வேண்டியவர் அவனுடைய பயிற்சியாளர்தான். ஐடிஐயோ, டிகிரியோ, உடற்கல்விப் படிப்போ ஏதாவது ஒன்று கையில் இருக்கணும். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ, நடுவர் தேர்வு என்று கபடிக்குள்ளேயே அடுத்த வேலைக்கு வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி 30 வயசில் காயத்தோடு உட்கார்ந்து யோசிப்பதைவிட 18 வயசிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பொண்ணுங்களுக்குக் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி மாதிரி பக்கத்திலேயே கல்லூரி இருப்பது பெரிய வசதி. வீட்டை விட்டு ரொம்ப தூரம் போகாமல் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துக் கொண்டு போகலாம்.

‘வேலை வேலைன்னு பேசினா வெறி போயிடாதா?’

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. பழைய ஆட்களே சொல்வார்கள்: ‘ரெண்டு மனசோட ரைடு போகக் கூடாது. சம்பளத்தை நினைச்சுக்கிட்டுப் போறவன் கோட்டைத் தாண்ட மாட்டான்.’ பாதுகாப்பான வேலை கிடைத்ததும் ஆட்டத்தைக் கைவிட்டவர்கள் உண்டு என்பதும் உண்மை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்துவிட்டுத் தொப்பையோடு திரிபவர்களைப் பற்றிய கேலியும் புதிதல்ல.

ஆனா உச்சத்துக்குப் போனவர்களின் பட்டியல் வேறு மாதிரிச் சொல்கிறது. கணேசன், அஜய் தாக்கூர், அனுப் குமார், பவன் ஷெராவத் என எல்லாரும் வேலையில் இருந்துகொண்டே ஆடியவர்கள். வேலை அவர்கள் வெறியைக் குறைக்கவில்லை. சொல்லப்போனால், அடிபட்டால் வீடு என்னாகும் என்ற பயம் இல்லாதவன்தான் மூணாவது ரைடில், ‘டூ ஆர் டை’ நேரத்தில், ஏழு பேர் நடுவே துணிந்து கால் வைப்பான். பயத்தோடு போகிறவன் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பப் பார்ப்பான்.

அடுத்த கொடை விழாவில், ராத்திரி பதினோரு மணிக்கு, மைக்கில் ‘அடுத்து பாடிப் போறது யாரு?’ என்று கத்தும்போது கூட்டம் எழுந்து நின்று விசில் அடிக்கும். அடிக்கட்டும். ஆனா அந்தப் பையனின் பெயரோடு சேர்த்து இன்னும் மூணு கேள்விகளை ஊர் கேட்கத் தொடங்கணும். இவன் என்ன படிக்கிறான்? இவனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா? முப்பது வயசுக்கு மேல இவன் என்ன செய்யப் போறான்? இந்த மூணுக்கும் பதில் இருக்கும் ஊரிலிருந்துதான் அடுத்த கணேசன் வர முடியும். வராவிட்டாலும், அந்த ஊரில் ஆடி முடித்த பையன்கள் நல்லபடியாகப் பிழைத்திருப்பார்கள்.